மாதிரி எண் பூஜ்ஜியம்

முதலாளிக்கு ஆகாது.
செய்தித்தாளில் சுற்றி என் மேசையில் வைத்தார்:
"சுகிர்தம் மேடம், உங்க வீட்ல ஆகும்ல?"
எங்கள் வீட்டில் ஆகும் என்றால்
மாதத்தின் முதல் ஞாயிறு
சர்க்கரை கரைத்த சர்ச் திராட்சரசம், ஒரு மிடறு.

கொடுத்தது தோல் வாங்க வந்த ஜெரார்.
பத்து வருஷம் தொடாதே,
இப்போது குடித்தால் கடிக்கும் என்றாராம்.
போர்தோ. இரண்டாயிரத்து ஐந்து.

பத்து வருஷம் எங்கே வைப்பது?
ராணிப்பேட்டையில் வெயில் பீரோவுக்குள்ளும் வரும்.
யோசித்துப் பார்த்தால் இந்த சிப்காட் முழுக்க
இரவும் பகலும் இருபது டிகிரியில்
இருட்டாக இருப்பது
என் ஆய்வகத்து பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்றுதான்.
கழிவுநீர் ஐந்து நாள் கிடந்து
எவ்வளவு மூச்சு வாங்கினேன் என்று
கணக்குக் காட்டும் பெட்டி.
அடித்தட்டில் படுக்கவைத்தேன்.
தணிகாசலம் சீட்டு ஒட்டினான்:
மாதிரி எண் பூஜ்ஜியம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் குனிந்து
"இது என்ன மேடம்?"
"நீண்ட கால ஆய்வு சார்."
பொய்யில்லை.
பாதி நாள் கரண்ட் இல்லாத வருஷம்
ஜெனரேட்டர் டீசலில் முதல் பங்கு அந்தப் பெட்டிக்கு.
கழிவுநீருக்காக என்றுதான் நோட்டில் எழுதினேன்.
என் மகள் படித்தாள், கட்டிப்போனாள், திரும்பி வந்தாள்.
அது உள்ளேயே படுத்திருந்தது.

பதினோராம் வருஷம் மே,
அக்னி நட்சத்திரம் நாலாம் நாள், சனிக்கிழமை,
கம்ப்ரசர் செத்தது.
மெக்கானிக் வேலூரிலிருந்து வர திங்கள் ஆகும்.
மூன்று மணிக்கு உள்ளே முப்பத்தொன்று.

சரி, இன்றைக்கே.

திருகி எடுக்கும் கருவி கிடையாது.
ரப்பர் மூடியில் ஓட்டை போடும் பித்தளைக் குழல் இருந்தது.
கார்க் பாதி உள்ளே உதிர்ந்தது.
வடிதாளில் வடித்தோம்,
நூறு மில்லி பீக்கர் இரண்டு.

சிவப்பு என்று நினைத்திருந்தேன்.
நடுவில் நாவல். ஓரத்தில் செங்கல்.
மணம், முதலில் ஈரச் சாக்கு, அவ்வளவே.
ஏமாந்தோம் என்று மூடப்போனேன்.
இருபது நிமிஷம் கழித்து
பென்சில் சீவிய டப்பா,
குடியாத்தத்துப் பீடிக்கட்டு,
அதற்கும் அடியில்
தணிகாசலம்தான் கண்டுபிடித்தான்:
"மேடம், இது நம்ம குடோன்."

வாயில் புளிப்பு எட்டிப் பார்த்துப் போனது.
இனிப்பு வருகிறேன் என்று சொல்லி வரவில்லை.
பிறகு துவர்ப்பு.

துவர்ப்பு எனக்குத் தெரியும், அதில்தான் சம்பளம்.
அதை நான் சுவை என்று சொல்லமாட்டேன்,
அது ஒரு பிடி.
தோலின் புரதத்தைப் பிடிக்கிற மாதிரியே
எச்சிலின் புரதத்தையும் பிடிக்கும்.
வாழைப்பூவில் முரட்டுக் கை. பிஞ்சுக் கடுக்காயில்
போலீஸ்காரன் கை.
இங்கேயும் அதே கைதான்,
ஆனால் பிடித்தபின் விடத் தெரிந்துகொண்ட கை.
ஆட்டுத்தோல் அழுகாமல் நிற்பதற்கும்
இந்தச் சாறு காடியாகாமல் கிடந்ததற்கும்
துணை ஒரே சரக்கு.
புத்தகத்தில் எப்போதோ படித்தேன்.
நாக்கு இன்றைக்குத்தான் படிக்கிறது.

பாட்டிலின் அடியில் வண்டல்.
மீதிக் கோபமெல்லாம் அங்கே.

தணிகாசலம் இரண்டு வாயோடு வைத்துவிட்டான்.
"நல்லாருக்கு மேடம். ஆனா எதுக்குன்னு தெரியல."

அஸர் தொழுகைக்குப் போகிற வழியில்
முதலாளி வாசலோடு நின்றார்.
"எப்படி?"
ஜெராரின் சொற்கள் என்னிடம் இல்லை.
"கடுக்காய்க் குழி மாதிரி, பாய்."
அவர் சிரிக்கவில்லை.
தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கையில்
சுருங்குமே, அந்தக் கண்.
"எத்தனாவது நாள் குழி?"

இன்னொரு வாய் எடுத்தேன்.
பல்லுக்குப் பின்னால், ஈறோரம்,
கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று காத்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்."

"கரண்டை நம்பினா," என்றார்
செருப்பை மாட்டிக்கொண்டே,
"அப்படித்தான் ஆகும்."